‘டீகம்போஸ்’: அழுகியதா, மட்கியதா, பிரிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போது ‘டீகம்போஸ்’ (decompose) என்ற வினைச்சொல் குறுக்கிட்டால், நம் நாளிதழ்களில் பெரும்பாலும் இரண்டே சொற்கள்தான் அச்சேறுகின்றன. குற்றச் செய்தியா, ‘சிதைந்த நிலையில் உடல் மீட்பு’. சுற்றுச்சூழல் செய்தியா, ‘மக்கும் பிளாஸ்டிக்’. முதலாவது இல்லாத சந்தேகத்தைக் கிளப்புகிறது. இரண்டாவது வாசகரைத் தப்பான தொட்டியில் குப்பை போட வைக்கிறது. செய்திப் பிரிவினருக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

உடல் பற்றிய செய்தியை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘சிதைந்த உடல்’ என்றால் ரயிலில் அடிபட்டோ, வெடிவிபத்தில் சிக்கியோ, வெட்டுப்பட்டோ உருக்குலைந்த உடல். ‘முகம் சிதைந்திருந்தது’ என்று படித்ததும் யார் சிதைத்தார்கள் என்றுதான் மனம் போகும். காவல்துறைக் குறிப்பில் இருக்கும் ‘டீகம்போஸ்டு பாடி’யில் அந்தப் பொருள் துளியும் கிடையாது. தனியாக வசித்த முதியவர் பூட்டிய வீட்டுக்குள் மாரடைப்பில் இறந்தாலும், சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாளில் உடல் அந்த நிலைக்கு வந்துவிடும். அதைச் ‘சிதைந்த நிலையில்’ என்று போட்டால், அக்கம்பக்கத்தார் கொலை என்றே முடிவு கட்டிவிடுவார்கள். ‘அழுகிய நிலையில்’ என்ற பழைய சொற்றொடரே சரி. குடும்பத்தார் படிப்பார்களே என்று தயங்கினால் ‘இறந்து சில நாட்கள் ஆன நிலையில்’ என்று எழுதலாம், அதில் தகவல் ஏதும் குறையாது. ‘அடையாளம் தெரியாத அளவுக்கு அழுகிய’ என்பதை மட்டும் காவல்துறை அப்படிச் சொல்லியிருந்தாலொழிய சேர்க்கக் கூடாது. ‘சிதைக்கப்பட்ட’ என்ற சொல்லை ‘மியூட்டிலேட்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. உடல் அழுகும் வேகம் அது கிடந்த இடத்தைப் பொறுத்தது. தடயவியலில் காஸ்பர் விதி என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: திறந்த வெளியில் ஒரு வாரத்தில் ஆகும் அழுகல் தண்ணீருக்குள் ஆக இரண்டு வாரமும், மண்ணுக்குள் ஆக எட்டு வாரமும் பிடிக்கும். இது வெறும் வழிகாட்டிதான். வெப்பம், உடையின் கனம், ஈ மொய்த்ததா என்பவற்றால் மாறும். ஆகவே ஏரியில் மிதந்த உடலைப் பற்றி ‘அழுகிய நிலையில் இருந்ததால் பல நாட்களுக்கு முன்பே இறந்திருக்கலாம்’ என்று நிருபர் தாமாகச் சேர்க்கும் வாக்கியத்துக்கு அடிப்படை கிடையாது. பிரேதப் பரிசோதனை அறிக்கை வரும்வரை நாள் கணக்கு எழுதாமல் இருப்பதே முறை.

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இது புழக்கத்துக்கு வந்தபோது, ‘கூட்டாக இருந்ததை அதன் கூறுகளாகப் பிரி’ என்பதுதான் பொருள். அழுகுவது என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. இன்றும் இரண்டும் சேர்ந்தேதான் நடமாடுகின்றன. எதை எடுப்பது என்று கண்டுபிடிக்க எளிய வழி, வினைக்குப் பின்னால் ‘இன்ட்டு’ (into) என்ற ஆங்கிலச் சொல் வருகிறதா என்று பார்ப்பது. ‘இன்ட்டு’ வந்து, அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று பொருள்களின் பெயரும் வந்தால் அங்கே தமிழுக்கு வேண்டியது ‘பிரி’ அல்லது ‘பகு’. ‘இன்ட்டு’ இல்லாவிட்டால் எந்தப் பொருளுக்கு அது நேர்கிறது என்று பார்த்து, அந்தப் பொருளுக்கு உரிய சொல்லைப் போட வேண்டும்.

அடுத்த சிக்கல் தன்வினை, பிறவினை. ஆங்கிலத்தில் ‘இலை டீகம்போஸ் ஆகிறது’ என்பதற்கும் ‘பாக்டீரியா இலையை டீகம்போஸ் செய்கிறது’ என்பதற்கும் வினைவடிவம் ஒன்றே. தமிழில் சிதைகிறது வேறு, சிதைக்கிறது வேறு. பிரிகிறது, பிரிக்கிறது, கரைகிறது, கரைக்கிறது எல்லாம் இப்படித்தான். ஆனால் அழுகு, மட்கு, ஊசு போன்ற சொற்களுக்கு இந்த இரட்டை வடிவம் இல்லை. அழுகுவதைப் பொருள் தானாகவேதான் செய்யும். ‘பாக்டீரியாக்கள் இலைகளை மட்குவிக்கின்றன’ என்று வலிந்து எழுதுவதைவிட ‘பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்னத் தின்ன இலை மட்குகிறது’ என்றால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். இலைகள் ‘சிதைக்கப்படுகின்றன’ என்ற செயப்பாட்டு வினை சுத்த ஆங்கில வாடை. இந்த வேலையைச் செய்யும் உயிர்களுக்கு மட்குண்ணி என்று ஒரு நல்ல சொல் பள்ளி உயிரியலிலேயே இருக்கிறது.

‘மக்கு’ என்பதும் ‘மட்கு’ என்பதும் ஒன்றுதான். எழுத்தில் மட்கு, பேச்சிலும் மாநகராட்சித் தொட்டியிலும் மக்கு. (ஜன்னல் கண்ணாடிக்கு ஆசாரி வைக்கும் மக்கும், வகுப்பில் வாங்கும் மக்குப் பட்டமும் இங்கே வேண்டாம்.) எந்த வடிவத்தை எழுதினாலும் சரி. ஆனால் அழுகுவதும் மட்குவதும் ஒன்று என்று எழுதினால் தப்பு. காய்கறிக் கழிவைத் தொட்டியில் போட்டுப் பார்த்தவர் எவரும் இதை மூக்காலேயே சொல்லிவிடுவார்.

காற்றுப் புகும் இடத்தில், ஈரமும் சருகும் அளவாக இருக்கும்போது நடப்பது மட்கல். மழைக்குப் பின் தோட்டத்தில் வரும் மண்வாடைதான் அதன் வாடை. காற்றுப் புகாமல் நீர் தேங்கிய இடத்தில் நடப்பது அழுகல். அதில் கூமுட்டை நாற்றம் அடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புவதுதான் காரணம். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி மட்டும் அடித்தால் பச்சைக் கழிவு கூடிப்போய்ச் சருகு குறைந்துவிட்டது என்று அர்த்தம். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறித் தோலில் கார்பன் அதைவிடக் குறைவு, உலர்ந்த சருகில் அதைவிடக் கூடுதல். இரண்டையும் கலக்கச் சொல்வது அதனால்தான்.

‘வீட்டிலேயே கழிவுகளைச் சிதைக்கலாம்’ என்ற தலைப்பில் கட்டுரை போடும்போது கீழ்க்கண்ட அளவுகளையும் சேர்த்துப் போட்டால் வாசகருக்கு உதவும். 20 முதல் 25 லிட்டர் கொள்ளும் மண் தொட்டி அல்லது வாளி, பக்கவாட்டிலும் அடியிலும் துளைகள். அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சருகு. கழிவை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு சருகால் மூட வேண்டும். இந்தப் பங்கு கொள்ளளவுக் கணக்கு. எடையில் பார்த்தால் சருகு குவிந்துவிடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறிவிட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் குறைவு. தொட்டி நிரம்பிய பிறகு 45 முதல் 60 நாள் விட்டுவைத்தால் கறுத்து, பொலபொலவென்று, போட்ட பொருள் எதுவென்றே தெரியாதபடி ஆகிவிடும். இந்தக் கடைசி அடையாளம்தான் ‘மட்கியது’. வாழைப்பழத் தோல் தோலாகவே தெரிந்தால் அது ‘பாதி மட்கியது’.

சென்னையில் இந்தத் தொட்டி கெடுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். காற்றிலேயே ஈரம், காயவைக்க வெயில் இல்லை, சருகும் கிடைக்காது. வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டும்போதே இரண்டு சாக்கு நிரப்பி வைத்துக்கொண்டால் மழைக்காலம் சமாளிக்கலாம். தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் இன்னும் உசிதம், நறுக்கவே வேண்டாம். சருகு இல்லையென்று தேங்காய் நார்த்தூளை மட்டும் போடுகிறவர்கள் உண்டு. அது நீரை உறிஞ்சும், நாற்றத்தை அடக்கும். ஆனால் அதிலுள்ள லிக்னின் என்ற மரச்சத்து லேசில் மட்காது, எனவே தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடும். புளித்த மோர் ஊற்றுவதால் கேடில்லை, கட்டாயமும் இல்லை. ஏற்கெனவே மட்கிய உரம் ஒரு கைப்பிடி போட்டாலே நுண்ணுயிர் வந்துவிடும். புழு நெளிந்தால் தூக்கிக் கொட்ட வேண்டியதில்லை, ஈரம் கூடிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. சருகு போட்டுக் கிளறினால் அடங்கும்.

மாநகராட்சியின் பிரிப்பில் இளநீர் மட்டை, கொட்டாங்கச்சி, மாங்கொட்டை எல்லாம் ‘மக்கும் குப்பை’தான். ஆனால் அவை மட்க மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். வாழையிலை கிழித்துப் போட்டால் சில வாரத்தில் காணாமல் போகும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ‘மக்கும்’ என்று ஒரே வரியில் எழுதுவதால்தான் மொட்டைமாடித் தொட்டியில் முழுத் தேங்காய் மட்டை கிடக்கிறது. இன்னொன்று: சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் கொட்டப்பட்ட காய்கறிக் கழிவு மட்குவதில்லை. மலைபோல் குவிந்த குப்பையின் உட்புறம் காற்றே கிடையாது. அங்கே நடப்பது காற்றில்லா நொதித்தல். வெளிவருவது மீத்தேன். கிடங்கில் தீப்பிடித்தால் அணைய நாளாவதற்கு இந்த வாயுவும் ஒரு காரணம். ‘கிடங்கில் பல ஆண்டுகளாக மக்கி வரும் குப்பை’ என்று எழுதும்போது ஏதோ உரம் தயாராகிக்கொண்டிருப்பது போன்ற எண்ணம் வருகிறது.

வேளாண் பக்கத்தில் இதே சொல் பணத்தோடு சம்பந்தப்பட்டது. ‘எக்டேருக்கு 12.5 டன் நன்கு மக்கிய தொழு உரம்’ என்பது நெல்லுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பரிந்துரை. இதில் ‘நன்கு மக்கிய’ என்பது அலங்காரத்துக்காகப் போட்டது இல்லை. பாதி மக்கிய சாணத்தைப் போட்டால் அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுத்து நிற்கும். களை விதையும் வண்டுப் புழுவும் அதோடு வந்து சேரும். ‘வெல் டீகம்போஸ்டு’ என்பதை ‘நன்கு சிதைந்த எரு’ என்று மொழிபெயர்த்தால், எருவை உடைத்துத் தூளாக்கினால் போதும் என்றுதான் விவசாயி புரிந்துகொள்வார்.

இப்போது பிளாஸ்டிக். தமிழ்ச் செய்திகளில் அதிகம் குழம்புவது இங்கேதான். மூன்று வெவ்வேறு சங்கதிகள் ‘மக்கும்’ என்ற ஒரே பெயரில் வருகின்றன.

ஒன்று, வெயிலில் பொடிந்துபோகும் பிளாஸ்டிக். சாதாரணப் பாலித்தீனில் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்துச் செய்வது. பை கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆனால் துகள் துகளாக மண்ணிலேயே கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் இவ்வகைப் பொருள்களைத் தடை செய்தது. இதற்கு ‘பொடியும்’ அல்லது ‘துகளாகும்’ என்பதே பொருத்தம். ‘மக்கும்’ என்றால் பொய்.

இரண்டு, தொழிற்கூடத்தில், அதாவது உரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில், மட்கும் பிளாஸ்டிக். சோளம் முதலியவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலம் இந்த வகை. இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. இந்தத் தரநிலை இரண்டு தனித்தனிச் சோதனைகளைக் கேட்கிறது. முதலாவது துண்டாதல்: 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், போட்டதில் 10 விழுக்காட்டுக்கு மேல் சல்லடை மேல் நிற்கக் கூடாது. இரண்டாவது உண்மையான மட்கல்: பொருளிலுள்ள கார்பனில் 90 விழுக்காடு, 180 நாளுக்குள், கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்க வேண்டும். சோதனையில் வைக்கும் வெப்பம் சுமார் 58 டிகிரி செல்சியஸ். துண்டாதல் தேறி, மட்கல் தேறாத பொருளுக்குச் சான்று கிடையாது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு சொல் இருக்க, தமிழில் இரண்டையும் ‘மக்குதல்’ என்று போட்டுவிட்டால் சோதனையே அர்த்தமில்லாமல் போகிறது.

அந்த 58 டிகிரியைக் கவனிக்க வேண்டும். வீட்டு மண் தொட்டி அவ்வளவு சூடாகாது. குவியல் தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் வேண்டும். 25 லிட்டர் தொட்டி அதில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே சான்று பெற்ற கப்பைக்கூட வீட்டுத் தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் கப்பாகவே கிடக்கும். குடிமைப் பக்கத்தில் ‘தொழிற்கூடத்தில் மட்டும் மட்கும்’ என்று இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் போடலாம், இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது.

மூன்றாவது, டீக்கடைப் பேப்பர் கப். பேப்பர்தானே என்று மக்கும் குப்பையில் விழுகிறது. உட்புறத்தில் பாலித்தீன் பூச்சு இருக்கிறது. பேப்பர் மட்கிய பிறகு அந்தப் பூச்சு மெல்லிய சவ்வாக உரத்தில் தங்கிவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்பிலுள்ள தடைப்பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு என்பதைக் கடைக்காரர்களே பலர் அறியவில்லை.

வேதியியலில் நிலைமை வேறு. பள்ளி நூல்களில் ‘சிதைவு வினை’ என்பது நிலைத்துவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் செய்தியில் ‘சுண்ணாம்புக்கல் சிதைகிறது’ என்றால் கல் நொறுங்குவதாகத்தான் படும். நடப்பது அதுவல்ல. காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுடும்போது 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகவும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. கல் பார்க்க முன்போலவே கல்லாக இருக்கும், எடை மட்டும் பாதியை நெருங்கும். பழைய சென்னைக் கட்டடங்களின் சாந்துக்குப் போன கிளிஞ்சலும் இதே வழியில்தான் சுண்ணாம்பானது. ‘பகு’ என்ற சொல்லை வேதியியல் தமிழ் ஏற்கெனவே நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறது: மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு. ‘தண்ணீர் மின்சாரத்தால் சிதைகிறது’ என்று யாரும் சொல்வதில்லை.

மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒளி பட்டால் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். வெளிச்சம் புகாத பாட்டிலில் விற்பது அதனால்தான். ‘20 வால்யூம்’ என்று அச்சிட்டிருந்தால் ஒரு லிட்டர் கரைசல் முழுதும் பிரியும்போது 20 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்று பொருள். அது ஏறத்தாழ 6 விழுக்காட்டுக் கரைசல். பிளீச்சிங் பவுடர் ஈரக்காற்றில் டீகம்போஸ் ஆவதை ‘சிதைந்துவிடும்’ என்று எழுதினால் கட்டிபட்டதா, தூளானதா என்று புரியாது. நம் ஊரில் ‘வீரியம் போய்விட்டது’ என்பார்கள். அதுவே துல்லியம். புதுப் பவுடரில் குளோரின் சுமார் 33 விழுக்காடு, திறந்த மூட்டையில் மாதாமாதம் குறையும். நல்ல பவுடர் என்றால் 1,000 லிட்டர் தெளிந்த கிணற்று நீருக்கு 2.5 கிராம் போதும். ஒரு மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் மூன்று மீட்டர் நீர் இருந்தால் 6 கிராம் போட்டு, ஒரு மணி நேரம் விட வேண்டும். வீரியம் போன பவுடரை இதே அளவு போட்டால் கிருமி சாகாது. மழைக்கால சுகாதாரக் குறிப்பு போடும்போது அளவோடு ‘புதிதாகப் பிரித்த பவுடர்’ என்பதையும் சேர்க்க வேண்டும்.

‘சிதைவு’ என்ற சொல்லின் தலையில் ஏற்கெனவே போதிய சுமை இருக்கிறது. கருச்சிதைவு, மனச்சிதைவு, தசைச்சிதைவு, கதிரியக்கச் சிதைவு. இவற்றில் எதுவும் ஆங்கிலத்தின் டீகம்போஸ் இல்லை. கதிரியக்கத்தில் வருவது ‘டிகே’ (decay). அதே ‘டிகே’ பல்லுக்கு வந்தால் சொத்தை. மொழிபெயர்ப்பு மென்பொருள் தரும் வாக்கியத்தில் இவையெல்லாம் ஒன்றாகக் கலந்து வரும், அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது.

உண்மையில் கெட்டுப்போவதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தக்காளியும் மீனும் அழுகும். நேற்றைய சோறும் தேங்காய்ச் சட்னியும் ஊசிப்போகும், தொட்டால் நூல் விடும். பால் திரியும். மாவு புளிக்கும். எண்ணெய் காறும். ரொட்டியில் பூசணம் பூக்கும். பயறும் உத்தரமும் உளுத்துப்போகும். கயிறு இற்றுப்போகும், வேட்டி நைந்துபோகும், ஓலைச்சுவடி செல்லரிக்கும். மழைக்காலத்தில் அலமாரிப் புத்தகத்தில் வருவது மக்கல் வாடை. ஆங்கிலக் கட்டுரை ‘உணவு டீகம்போஸ் ஆனது’ என்று பொதுவாகச் சொன்னால், தமிழில் எழுதுகிறவர் சமைத்த உணவா, காயா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். விடுதி உணவு பற்றிய செய்தியில் ‘அழுகிய சாம்பார்’ என்று படிக்கும்போது எழுதியவர் அடுப்படிப் பக்கமே போனதில்லையோ என்று தோன்றுகிறது.

மண் பரிசோதனை அறிக்கைகளில் ‘டீகம்போஸ்டு ராக்’ என்று வரும். பாறை அழுகாது, மட்காது. பல்லாவரத்தில் இருக்கும் சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறையிலும் நீரும் காற்றும் பட்டுப் பட்டு அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறிவிடும், குவார்ட்ஸ் என்ற கனிமம் மணலாக மிஞ்சும், கையால் கிள்ளினாலே உதிரும். ‘உதிரும் பாறை’ என்று எழுதினால் வீடு கட்டுகிறவருக்கும் புரியும். அஸ்திவாரத்தை இன்னும் ஆழம் கொண்டுபோக வேண்டும் என்று பொறியாளர் சொல்வதன் காரணமும் விளங்கும்.

கணிதப் பக்கம் எளிது. 360ஐப் பகாக் காரணிகளாகப் பிரி என்றால் 2 × 2 × 2 × 3 × 3 × 5. வெக்டரை (திசையன்) கூறுகளாகப் பிரிக்கலாம். பெரிய மென்பொருள் வேலையைச் சிறு வேலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். எங்குமே ‘சிதை’ தேவைப்படவில்லை. ‘எண்ணைச் சிதைத்தல்’ என்று மாணவர் பகுதி வினாத்தாளில் வந்தால் அது மொழிபெயர்ப்பு மென்பொருளின் கைவரிசை.

மருத்துவச் செய்தியில் ஒலி ஒற்றுமையால் வரும் ஒரு வழுக்கலும் உண்டு. ‘டீகம்பென்சேட்டட் லிவர் டிசீஸ்’ என்பதில் இருப்பது டீகம்போஸ் இல்லை. கெட்டுப்போன கல்லீரல் அதுவரை எப்படியோ ஈடுகொடுத்து வந்து, இப்போது முடியாமல் போனதால் வயிற்றில் நீர் கோத்தல், மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, மனக்குழப்பம் என்று வெளிப்படும் கட்டத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதயத்துக்கும் இதே சொல் வரும். இதைக் ‘கல்லீரல் அழுகல்’, ‘கல்லீரல் சிதைவு’ என்று எழுதினால், ஏற்கெனவே ‘அழுகிப்போச்சாம்’ என்று பேசிப் பேசியே நோயாளியைப் பாதி கொன்றுவிடும் உறவினர்களுக்கு இன்னொரு ஆதாரம் கிடைத்த மாதிரி ஆகிவிடும். ‘ஈடுகொடுக்க முடியாத நிலையை எட்டிய கல்லீரல் நோய்’ என்று முதல் தடவை முழுசாக எழுதிவிட்டு, பிறகு ‘முற்றிய கல்லீரல் நோய்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
மொழிபெயர்ப்பாளர்கள் இருவர்,
மயிலாப்பூர், சென்னை – 4